குட்டைத் தண்ணீர் அனுப்பும் சேதி



இன்றைக்கு மீன் குட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன். குஞ்சு எங்கே வாங்குவது, என்ன தீனி போடுவது என்பதெல்லாம் இல்லை. அதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். குட்டைத் தண்ணீரின் சூட்டை அளப்பது பற்றியும், அப்படி அளக்க மனிதன் பட்ட பாட்டைப் பற்றியும் சொல்லப் போகிறேன். "சூடு பார்க்கிறதுக்கு வரலாறு எதுக்குங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான். ஒரு தவறு செய்த பிறகுதான் அந்த வரலாறு எனக்குத் தேவைப்பட்டது. ஆகவே தவற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத் தோட்டக்காரர் ஒருவர். என்னைவிட வயதில் மூத்தவர். தோட்டத்து மூலையில் பத்தடி ஆழத்துக்குப் பண்ணைக் குட்டை வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் விட்டிருந்தார். சித்திரை மாதக் கடைசி. பத்து நாளாக இலை அசையவில்லை, ஒரே அனல். "வந்து ஒரு பார்வை பாருங்க" என்று கூப்பிட்டார். காலை பதினோரு மணிக்குப் போனேன். கரையில் குந்தி, பையில் இருந்த வெப்பமானியைத் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழம் விட்டுப் பார்த்தேன். 31 டிகிரி செல்சியஸ். "கெண்டை மீனுக்கு ஏத்த சூடுதான், பயப்படாதீங்க" என்று சொல்லி, அவருடைய நோட்டிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி இடியும் காற்றுமாகக் கோடை மழை. விடியற்காலை அவர் போய்ப் பார்த்தபோது மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். பெரிய மீன்களெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஒரு வருஷத்து உழைப்பு.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாக இரண்டு கேள்வி கேட்டார்: "ஏனுங்க சார், நீங்க மேல்தண்ணியத்தானே பாத்தீங்க? கீழ என்ன சூடுன்னு பாக்கலீங்களே? நீங்க பாத்தது பகல்ல. செத்தது ராத்திரியில்லீங்களா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஒன்று புரிந்தது. வெப்பமானியின் நானூறு வருஷ வரலாறும் அவர் கேட்ட அந்த இரண்டு கேள்விக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது. ஆள் பார்க்காத நேரத்தில் சூட்டை அளப்பது எப்படி? ஆள் போக முடியாத இடத்தில் சூட்டை அளப்பது எப்படி?

கை பொய் சொல்லும்

முதலில் நம்மிடம் இருந்த கருவி கைதான். குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைப்போம். குளிக்கிற வெந்நீரை விரலால் பதம் பார்ப்போம். ஆனால் கை ஒப்பிட்டுத்தான் சொல்லும், அளந்து சொல்லாது. ஆங்கில அறிஞர் ஜான் லாக் 1690-இல் வந்த தம் நூலில் இதை எடுத்துக் காட்டினார். நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு கையைச் சுடுதண்ணீரிலும் மறு கையைப் பானைத் தண்ணீரிலும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். பிறகு இரண்டு கையையும் சேர்த்து வெதுவெதுப்பான ஒரே பாத்திரத்தில் விடுங்கள். ஒரு கை 'குளிர்ச்சி' என்னும்; இன்னொரு கை 'சூடு' என்னும். தண்ணீர் என்னவோ ஒன்றுதான். வெயிலில் வேலை செய்துவிட்டுக் குட்டையில் கையை விட்டால் எப்போதும் குளுமையாகத்தான் இருக்கும். மீனுக்கு அப்படி இருக்காது.

கையை நம்பாமல் கண்ணால் பார்க்க வழி தேடினார்கள். இத்தாலியில் கலிலியோ 16-ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் ஒரு கண்ணாடிக் குழாய் செய்தார். உள்ளே இருக்கிற காற்று சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அதற்குத் தகுந்தாற்போல் குழாயில் தண்ணீர் இறங்கும், ஏறும். அதே நாட்டு வைத்தியர் சான்டோரியோ அதற்கு அளவுக் கோடு போட்டு நோயாளிகளின் சூட்டைப் பார்த்தார். ஆனால் குழாயின் வாய் திறந்திருந்ததால் காற்றழுத்தம் மாறினாலும் தண்ணீர் ஏறி இறங்கியது. சூடு எது, அழுத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் டஸ்கனி நாட்டுப் பிரபு இரண்டாம் ஃபெர்டினாண்டோவின் ஆதரவில், குழாய்க்குள் சாராயத்தை விட்டு வாயை உருக்கி மூடினார்கள். அந்தக் குறை தீர்ந்தது. 1654-இல் தொடங்கி ஒரே மாதிரிக் கருவிகளைப் பல ஊர்களுக்கு அனுப்பி, தினம் பல வேளை பார்த்து எழுதி வைக்க ஏற்பாடு செய்தார்கள். ஓர் ஊர்ச் சூட்டையும் இன்னோர் ஊர்ச் சூட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் ஆரம்பம்.

இரண்டு வெப்பமானி ஒத்துப்போன கதை

பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு கருவியும் ஒரே மாதிரி காட்ட வேண்டுமல்லவா? அதுதான் ரொம்ப நாள் நடக்கவில்லை. ஒவ்வொரு கைவினைஞரும் தம் தம் கணக்கில் கோடு போட்டார்கள். டான்சிக் நகரில் 1686-இல் பிறந்து, ஹாலந்தில் தொழில் செய்த பாரன்ஹீட் என்பவர், 1714-இல் ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்துப்போகிற இரண்டு வெப்பமானிகளைச் செய்து காட்டினார். அந்தக் காலத்தில் அது பெரிய ஆச்சரியம். பாதரசத்தைப் பயன்படுத்தி நேர்த்தியான கருவிகள் செய்ததும், 1724-இல் தம் அளவை வெளியிட்டதும் அவரே. இந்த 'ஒத்துப்போவது' என்ற விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்கள் வீட்டு வாளியில் அதே சோதனையைச் செய்யச் சொல்லப் போகிறேன்.

சுவீடனில் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் நூறு பாகை அளவைக் கொண்டுவந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு 0 என்றும், உறையும் நிலைக்கு 100 என்றும் வைத்திருந்தார். அவர் 1744-இல் காலமானார். அதன் பிறகு கொஞ்ச நாளிலேயே தலைகீழாக மாற்றி, இப்போது நாம் படிக்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

பண்ணை வேலைக்கு வெப்பமானியைக் கொண்டுவந்தவர்களில் பிரான்சு நாட்டு ரியோமூரை மறக்கக் கூடாது. எருக்குவியலுக்குள் பீப்பாயைப் புதைத்து, அந்த எருவின் சூட்டிலேயே கோழி முட்டைகளைப் பொரிக்க வைத்துப் பார்த்தார். சூடு ஏறினாலும் முட்டை வீண், இறங்கினாலும் வீண். ஆகவே வெப்பமானியை உள்ளே வைத்து அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தார். 1749-இல் அதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். அடைக்கோழி தன் உடம்பால் செய்கிற வேலையை அளவு தெரிந்து மனிதன் செய்தான் என்றால் கண்ணாடிக் குழாய்தான் காரணம்.

ஆள் தூங்கும்போது பார்த்த கருவி

இதுவரை சொன்ன எல்லாக் கருவிக்கும் ஒரு குறை. ஆள் வந்து பார்க்கிற நேரத்துச் சூட்டைத்தான் காட்டும். விடியற்காலை நாலு மணிக்கு என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமானால் நாலு மணிக்கு எழுந்து போக வேண்டும்.

இதைத் தீர்த்தவர் இங்கிலாந்தில் கேன்டர்பரி நகரத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சிக்ஸ். 1780-இல் அவர் செய்த கருவிதான் இன்றைக்கும் பசுமைக் குடில்களில் காணும் உச்ச–நீச வெப்பமானி. 'ப' என்ற எழுத்து மாதிரி வளைந்த குழாய். அடியில் பாதரசம். பாதரசத்தின் இரு முனையிலும் ஊசி மாதிரி ஒரு சிறு இரும்புத் துண்டு. சூடு ஏறும்போது பாதரசம் ஒரு பக்க ஊசியைத் தள்ளிக்கொண்டு போகும். சூடு இறங்கினாலும் ஊசி அங்கேயே நின்றுவிடும். குளிர்ச்சிக்கு மறு பக்க ஊசி. காலையில் சாவகாசமாக வந்து, ராத்திரி எவ்வளவு இறங்கியது, பகலில் எவ்வளவு ஏறியது என்று பார்த்துக்கொள்ளலாம். பார்த்த பிறகு ஒரு காந்தத்தால் ஊசியைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டால் போதும்.

சிக்ஸ் தம் கருவிகளில் ஒன்றைத் தோட்டத்தில் தரையருகில் வைத்தார். மற்றவற்றை அவ்வூர்ப் பெரிய தேவாலயக் கோபுரத்தில் உயரத்தில் வைத்தார். ராத்திரியில் மேலே இருப்பதைவிடத் தரையருகில்தான் அதிகக் குளிர்ச்சி என்று கண்டுகொண்டார். ஒரே இடம், ஒரே ராத்திரி. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம். என் தோட்டக்காரர் கேட்ட கேள்வியும் அதே ஜாதிதானே!

இங்கே ஓர் எச்சரிக்கை. பாதரசக் கண்ணாடியை மீன் குட்டைக்குள் விடாதீர்கள். உடைந்தால் பாதரசம் சேற்றில் சேர்ந்து, மீனுக்கும் மீன் வழியாக மனிதனுக்கும் விஷமாகும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக் கழிவுப் பாதரசம் மீன் வழியாக ஜனங்களை முடக்கியது 1956-இல் வெளியே தெரிந்தது. அந்த ஊர்ப் பெயரிலேயே 2013-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்து பாதரசக் கருவிகளைக் குறைத்து வருகின்றன. சிவப்புச் சாராயம் அடைத்த கண்ணாடியோ மின்சார வெப்பமானியோ போதும்.

மீனுக்கு ஏன் இத்தனை கவலை?

ஆடு, மாடு, மனிதன் இவற்றின் உடம்பு தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும். மீன் அப்படியில்லை. தண்ணீர் என்ன சூடோ அதுதான் மீனின் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் தீனி எடுக்காது. சூடேறினால் மூச்சு வாங்கும்.

நம் நாட்டு மீன் வளர்ப்பு வரலாற்றிலேயே இதைப் பார்க்கலாம். நீலகிரியில் டிரவுட் மீனுக்கென்று அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் அமைந்தது. இன்றும் அந்த மீன் மலைமேல்தான் இருக்கிறது. சமவெளியின் சூட்டில் பிழைக்காது. சாதாக் கெண்டையில் ஜெர்மன் ரகத்தை 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து உதகையில் விட்டார்கள். அது குளிர்ச்சிக்கு ஏற்ற ரகம். சமவெளிக்கு 1957-இல் பாங்காக் ரகம் வந்தது. அதே 1957 ஜூலை 10-ஆம் தேதி, ஒரிசாவில் அங்குல் என்ற இடத்தில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி போட்டுக் கெண்டை இனத்தைக் குட்டையிலேயே முட்டையிட வைத்தார். ஆற்றில் குஞ்சு பிடித்துக்கொண்டிருந்த நிலை அதோடு மாறியது. ஜூலை 10 இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். ஊசி மட்டும் இருந்தால் போதாது. மழைக்காலத்துத் தண்ணீர், சுமார் 26-லிருந்து 31 டிகிரி வரை இருக்கும்போதுதான் அந்த வேலை நன்றாக நடக்கும்.

சூட்டுக்குப் பின்னால் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது, அதுதான் பிராணவாயு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் காற்றிலிருந்து சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். இருப்பு குறைகிறது. ஆனால் சூடு பத்து டிகிரி ஏறினால் மீனின் தேவையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்ன ஆகும்? குட்டையும் அப்படித்தான்.

அடித்தண்ணீர் ரகசியம்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆள் போக முடியாத ஆழத்தில் எப்படி அளப்பது? வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினால், மேலே இழுத்து வருவதற்குள் மேல்தண்ணீர்ச் சூடு ஏறிவிடும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து அறிஞர் சொஸ்யூர் ஒரு யுக்தி செய்தார். வெப்பமானியின் குமிழைச் சுற்றி மெழுகைத் தடிமனாகப் பூசி, ஜெனீவா ஏரியின் ஆழத்தில் மணிக்கணக்காகப் போட்டு வைத்தார். உள்ளே சூடு மெள்ள இறங்கும்; மேலே இழுக்கும்போதும் மெள்ளத்தான் மாறும். அதற்குள் படித்துவிடலாம். 1872-லிருந்து 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல், ஆழ்கடலின் அழுத்தம் தாங்கும்படி அமைத்த சிக்ஸ் வெப்பமானிகளைக் கொண்டுபோயிற்று. பார்க்காத நேரத்துக்கென்று பிறந்த கருவி, போக முடியாத இடத்துக்கும் உதவியது.

நம் குட்டைக்கு நெருக்கமான வேலை அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்தது. அங்கே மென்டோட்டா ஏரியில் பர்ஜ், ஜூடே என்ற இரு அறிஞர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-இன் துவக்கத்திலும் அடிக்கு அடி சூட்டை அளந்தார்கள். கோடைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ஒன்றாக இல்லை. மேலே சூடான தண்ணீர் மெத்தை மாதிரி மிதக்கிறது. கீழே குளிர்ந்த தண்ணீர் கனத்துக் கிடக்கிறது. நடுவே ஒரு குறுகிய இடத்தில் சூடு சட்டென்று இறங்குகிறது. இரண்டும் கலப்பதில்லை. ஹங்கேரி நாட்டு விங்க்ளர் 1888-இல் தண்ணீரில் கரைந்த பிராணவாயுவை அளக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். இவர்கள் அதையும் சேர்த்துப் பார்த்தார்கள். அடித்தண்ணீரில் பிராணவாயு தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போகிறது என்று 1911-இல் வெளியிட்டார்கள். மேலே இருந்து காற்று இறங்க வழியில்லை. கீழே மக்குகிற குப்பை இருக்கிறதையும் தின்றுவிடுகிறது.

இதைப் படித்தபோதுதான் அந்தச் சித்திரை மாதக் குட்டை என் கண்முன் வந்தது. பத்து நாள் காற்றில்லாத வெயில். மேலே 31 டிகிரித் தண்ணீர் மெத்தை. கீழே மிச்சத் தீனியும் சாணமும் உதிர்ந்த இலையும் மக்கிய, பிராணவாயு இல்லாத தண்ணீர். ராத்திரி குளிர்ந்த மழையும் காற்றும் வந்ததும் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கியது. அடித்தண்ணீர் மேலே புரண்டது. மொத்தக் குட்டையும் ஒரே கலவையாகி, மேலே இருந்த கொஞ்சம் பிராணவாயுவையும் அடிக்கசடு குடித்துவிட்டது. ராத்திரியில் பாசியும் பிராணவாயு கொடுக்காது, எடுத்துக்கொள்ளும். மீன் எங்கே போகும்?

நான் பார்த்த 31 டிகிரி பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மை. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை.

கம்பியில்லாமல் வந்த சேதி

சூட்டை மின்சாரமாக மாற்றிப் படிக்கும் வழி 19-ஆம் நூற்றாண்டில் திறந்தது. 1821-இல் சீபெக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, இரண்டு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின் விளைவு உண்டாவதைக் கண்டார். 1833-இல் ஃபாரடே, வெள்ளி சல்பைடு என்ற பொருள் சூடேறச் சூடேற மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதைக் கவனித்தார். இந்தக் குணமுள்ள பொருள்களிலிருந்து பிற்காலத்தில் வந்ததுதான் 'தெர்மிஸ்டர்' என்கிற மிளகளவுத் துண்டு. இன்றைக்கு வெப்பமானிக் கம்பியின் நுனியில் பெரும்பாலும் இருப்பது இதுவே.

கம்பி வழியாகச் சேதி வரலாம் என்றாயிற்று. கம்பியே இல்லாமல் வர முடியுமா? ஜகதீச சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில், கம்பியில்லாமல் மின் அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணியடிக்க வைத்துக் காட்டினார். செடிகொடிகளின் உணர்ச்சியைப் பற்றி ஆராய்ந்தாரே, அதே போஸ்தான். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடல் தாண்டிச் சைகை அனுப்பினார். அதற்குப் பிறகு வானொலி வந்ததும், 1960-களில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லித் தஞ்சை ஜில்லாவில் ஏ.டி.டி. 27 நெல் பரவியதும், ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை.

மனிதன் பேச்சு அலையில் போனது போல, வெப்பமானியின் பேச்சும் அலையில் போயிற்று. 1929 ஜனவரி 7-ஆம் தேதி பிரான்சில் ராபர்ட் பியூரோ என்பவர், பலூனில் வெப்பமானியையும் சின்ன ரேடியோ பெட்டியையும் கட்டி மேலே விட்டார். பலூன் உயரப் போகப் போக அங்கங்கே உள்ள சூட்டைப் பெட்டி தானே சொல்லிக்கொண்டே போனது. மறு வருஷம் ஜனவரியில் ரஷ்யாவில் மல்ச்சானோவும் இதைச் செய்தார். சென்னை மீனம்பாக்கத்திலும் வானிலை இலாகா விடுகிற பலூன் இந்த வம்சம்தான்.

1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தபின் பெட்டி சுருங்கியது. சின்ன பேட்டரியில் மாதக்கணக்காக ஓடும் நிலை வந்தது. வானத்துக்குப் போன கருவி கடைசியில் வீட்டுக்கு வந்தது. சுவரில் மாட்ட ஒரு பெட்டி, வெளியே வைக்க ஒரு பெட்டி. சிக்ஸின் இரும்பு ஊசி செய்த வேலையும் இதற்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி எவ்வளவு இறங்கியது, பகலில் எவ்வளவு ஏறியது என்று நினைவில் வைத்துச் சொல்லும். ஆள் இல்லாத நேரம், ஆள் போகாத இடம், இரண்டுக்கும் ஒரே பதில்.

குட்டையில் வைக்கிற முறை

வாங்கும்போது, நீளமான கம்பியின் நுனியில் நீர் புகாத முனை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அலை அனுப்பும் பெட்டியைத் தண்ணீருக்குள் போடக் கூடாது. ரேடியோ அலை காற்றில் போகிற மாதிரி தண்ணீரில் போகாது, அங்கேயே அடங்கிவிடும். முனை தண்ணீரில், பெட்டி கரையில் கம்பத்தின் மேல் நிழலில். பெட்டி அட்டையில் போட்டிருக்கும் தூரம் திறந்த வெளிக்கானது. நடுவில் சுவரும் தகரக் கொட்டகையும் இருந்தால் குறையும்.

முனை இரண்டு வேண்டும். ஒன்று மேலிருந்து ஓரடி ஆழத்தில். இன்னொன்று அடிச்சேற்றுக்கு ஓரடி மேலே. மூங்கிலில் கட்டி நடுக்குட்டையில் நடுங்கள். கரையோரத்துச் சூடு நடுக்குட்டையின் சூடாகாது.

வைப்பதற்கு முன்னால் பாரன்ஹீட் செய்ததைச் செய்யுங்கள். இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி ஒரே வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள். இரண்டும் ஒன்றே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வித்தியாசத்தைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். நொறுக்கிய ஐஸ்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். செல்சியஸுக்கு உதவிய அதே ஐஸ்கட்டிதான்.

பிறகு என்ன பார்ப்பது? பகலில் மேலே சூடு அதிகமாக இருப்பது இயல்பு. ராத்திரியில் மேல்தண்ணீர் ஆறி, விடியும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வேண்டும். விடியற்காலையிலும் மூன்று, நான்கு டிகிரி வித்தியாசம் நாள்கணக்காக நீடித்தால் குட்டை கலக்கவில்லை, அடியில் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதே தீனியைக் குறையுங்கள். சாணம் போடுவதை நிறுத்துங்கள். நல்ல வெயில் நேரத்தில், மேல்தண்ணீரில் பிராணவாயு நிறைந்திருக்கும்போது, மோட்டாரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைச் சுற்றிவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் ஆபத்தில்லை. ஒரே ராத்திரியில் கலந்தால்தான் ஆபத்து.

நாள்கணக்காக இருந்த அந்த வித்தியாசம் மழை ராத்திரியில் மளமளவென்று மறைந்தால் குட்டை புரள்கிறது. உடனே எழுந்து போக வேண்டும். மோட்டாரைப் போட்டு, குட்டையின் மேல்தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். போர்த் தண்ணீரை அப்படியே குழாயால் உள்ளே விடாதீர்கள். அதில் பிராணவாயு குறைவாக இருக்கும். சிதறி விழுந்தால்தான் காற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கருவி சூட்டைத்தான் அளக்கிறது, பிராணவாயுவை அளக்கவில்லை. காற்றும் மழையும் இல்லாத மூடுவானத்திலும், பாசி செத்து விழுந்தாலும், சூடு மாறாமலே பிராணவாயு குறையலாம். ஆகவே விடியற்காலையில் குட்டைக்கரைக்குப் போய் மீன் வாயைப் பிளக்கிறதா என்று பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். வெப்பமானி உங்களுக்குப் பதிலாகக் கண்விழிக்கும். எழுந்து போவது நீங்கள்தான்.

அந்தத் தோட்டக்காரர் மறு வருஷமும் மீன் விட்டார். அவர் நோட்டில் நான் போட்ட பழைய கையெழுத்து அப்படியே இருக்கிறது. நான் அடிக்கவில்லை, அவரும் கிழிக்கவில்லை. இரண்டு முனை உள்ள கருவியை நான்தான் கூடப் போய் வாங்கி, மூங்கிலில் கட்டிக் கொடுத்தேன். சுவர்ப் பெட்டியை அவர் கட்டிலுக்குத் தலைமாட்டில் மாட்டிக்கொண்டார்.

வைகாசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு போன் வந்தது. வெளியே இடி இடிக்கிறது. "சார், மேலயும் கீழயும் ஒண்ணாயிருச்சுங்க" என்றார்.

நான் பதறிப்போய், "மோட்டாரைப் போடுங்க" என்றேன்.

"போட்டுட்டுத்தானுங்க உங்களுக்குப் பேசறேன்" என்றார்.

விடிந்து போய்ப் பார்த்தேன். மீன் மேலே வந்திருந்தது உண்மை. தண்ணீர் விழுகிற இடத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கரையில் ஒதுங்கியவை நாலே நாலு. அவற்றை எடுத்துப் புதைத்துவிட்டு, நோட்டை நீட்டி, "இப்ப எழுதுங்க சார்" என்றார். மேலே எத்தனை, கீழே எத்தனை, எத்தனை மணிக்கு என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீங்களும் உங்கள் குட்டைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். அந்த மூன்றையும் எழுதுங்கள். ஒரு கோடைக்காலம் எழுதி வைத்தால், உங்கள் குட்டையின் குணம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும்.